அழித்த எண்கள்

ரிச்சர்ட் ஈவ்லின் பேர்ட் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி 1926ஆம் வருஷம் மே 9ஆம் தேதி ஆகாய விமானத்தில் வட துருவத்தை அடைந்தாரா இல்லையா என்பது இன்னும் முடியாத வழக்கு. அடைந்தார் என்பவர்கள் அவரை ஒரு வீரராகவும், அடையவில்லை என்பவர்கள் ஒரு மோசடிக்காரராகவும் எழுதிவந்திருக்கிறார்கள். இரண்டுமே சுலபமான எழுத்து. எனக்கு இந்த வழக்கில் அக்கறை வேறு காரணத்தால். அதன் பிரதான சாட்சி மனிதனல்ல, ஒரு நோட்டுப் புத்தகம். பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, அழித்த பிறகும் படிக்க முடிகிற சில எண்கள் அதில் இருக்கின்றன. ஒருவன் தன்னைப் பற்றி எழுதி வைத்ததை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் நம்பலாம் என்ற கேள்வி, சுயசரிதையும் நாட்குறிப்பும் படித்து அபிப்பிராயம் சொல்கிற நமக்கு அந்நியமானதல்ல.

பேர்ட் 1888இல் வர்ஜீனியா மாநிலத்தின் வின்செஸ்டர் ஊரில் பிறந்தவர். பழைய, செல்வாக்குள்ள குடும்பம். சகோதரர் ஹாரி பின்னால் அந்த மாநிலத்தின் கவர்னராகவும் செனட்டராகவும் ஆனார். ரிச்சர்ட் 1912இல் கடற்படைக் கல்லூரியில் தேறினார். ஆனால் அடிபட்ட கால் ஒன்று சரியாகக் கூடவில்லை. கப்பல் தளத்தில் நெடுநேரம் நிற்க முடியாத அதிகாரிக்கு அங்கே எதிர்காலம் இல்லை. 1916இல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் உலகப் போர் அவரை மறுபடி உள்ளே இழுத்தது. விமானத்தில் உட்கார்ந்தபடி வேலை செய்யலாம். புளோரிடாவில் பென்சகோலா தளத்தில் பறக்கக் கற்றுக்கொண்டார்.

ஆனால் அவரை விமானி என்று சொல்வது முழுக்கச் சரியல்ல. அவருடைய பெரிய பறத்தல்களில் எல்லாம் விமானத்தை ஓட்டியவர்கள் வேறு ஆட்கள். பேர்டின் வேலை விமானம் எங்கே இருக்கிறது என்று கணிப்பது. அந்த நாளில் அதுவே பெரிய பிரச்னை. தரையோ கரையோ தெரியாத கடல்மேல் பறக்கிறவனுக்குச் சூரியன் மட்டுமே அடையாளம். சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவிக்குத் தொடுவானம் தேவை. மேலே மேகத்துக்கிடையில் அது ஒழுங்காகத் தெரியாது. கருவிக்குள்ளேயே ஒரு நீர்க்குமிழை வைத்து, மட்டப்பலகை போல, அதையே தொடுவானமாகக் கொள்ளும் செக்ஸ்டன்டைப் பேர்ட் வடிவமைத்தார். பக்கக் காற்று விமானத்தை எவ்வளவு ஒதுக்குகிறது என்று காட்டும் கருவியிலும் அவர் பங்கு உண்டு. 1919இல் அமெரிக்கக் கடற்படையின் பறக்கும் படகுகள் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டபோது அவற்றுக்கான வழிக் கணிப்பு ஏற்பாடுகளைச் செய்தவர் அவர்தான். தாம் இருக்கும் இடத்தை விமானிகள் அறிய வழி செய்த ஒருவர், தாம் இருந்த இடத்தைப் பற்றியே உலகத்தின் சந்தேகத்துக்கு ஆளானார் என்பது இந்தக் கதையின் முதல் விசித்திரம்.

வட துருவம் ஒரு இடம் என்று சொல்வதே ஒரு சௌகரியத்துக்காகத்தான். அங்கே நிலம் கிடையாது. கடலின் மேல் மிதந்து நகரும் பனிப்பாளங்கள். நட்ட கொடி சில நாளில் வேறு எங்கோ போயிருக்கும். தென் துருவம் அப்படியல்ல. 1911 டிசம்பரில் அமுண்ட்ஸென் அங்கே கூடாரம் அடித்துவிட்டு வந்தார்; அடுத்த மாதம் போய்ச் சேர்ந்த ஸ்காட் அந்தக் கூடாரத்தைக் கண்டார். தோற்றவனே ஜெயித்தவனுக்குச் சாட்சி. வடக்கே இந்த வசதி இல்லை. 1908இல் போனதாகச் சொன்ன குக்கையும் 1909இல் போனதாகச் சொன்ன பியரியையும் உலகம் இன்றுவரை சந்தேகித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே போனதற்கு அத்தாட்சி போனவன் கொண்டுவரும் எண்கள் மட்டுமே. இத்தனை மணிக்குச் சூரியன் இத்தனை பாகை உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். துருவம் என்பது அந்த வகையில் முழுக்க முழுக்க எழுத்தில் இருக்கிற இடம்.

1926 வசந்தத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் கிங்ஸ் பே துறையில் இரண்டு கோஷ்டிகள் பக்கத்துப் பக்கத்தில் முகாமிட்டிருந்தன. ஒன்று அமுண்ட்ஸென், அமெரிக்கப் பணக்காரர் எல்ஸ்வொர்த், இத்தாலியப் பொறியாளர் நோபிலே ஆகியோருடைய நோர்கே என்ற ஆகாயக் கப்பல். மற்றது பேர்டின் மூன்று எஞ்சின் ஃபோக்கர் விமானம். அதற்கு ஜோசஃபின் ஃபோர்ட் என்று பெயர். மோட்டார் முதலாளி எட்ஸெல் ஃபோர்ட் பண உதவி செய்தவர்களில் முக்கியமானவர். ஜோசஃபின் அவருடைய சின்னப் பெண். ராக்ஃபெல்லர் பணமும் அதில் இருந்தது. செய்தியை வாங்கிக்கொள்ளப் பத்திரிகைகள் காத்திருந்தன. இந்த விவரத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. புறப்படும்போதே அந்த விமானம் அடமானத்தில் இருந்தது. அந்தக் கடனைத் தீர்க்க ஒரே நாணயம்தான் செல்லும்: நாங்கள்தான் முதலில் என்ற வாசகம். பாதி வழி போய்த் திரும்பினோம், எஞ்சின் கசிந்தது, உயிர் தப்பினோம் என்ற உண்மைக்குச் சந்தையில் விலை இல்லை.

கிளம்பும் முயற்சியில் விமானத்தின் பனிச்சறுக்குக் கால்கள் உடைந்தன. அவற்றைச் சரிசெய்ய உதவியவர் போட்டிக் கோஷ்டியைச் சேர்ந்த பெர்ன்ட் பால்ஷன் என்ற நார்வே இளைஞர். மே 9 அன்று, கிரீனிச் நேரப்படி நள்ளிரவு தாண்டி, ஆனால் அந்த அட்சரேகையில் வெயிலில், பேர்டும் ஓட்டி ஃபிளாய்ட் பென்னட்டும் கிளம்பினார்கள். பதினாறு மணி நேரம் போலக் கழிந்து திரும்பினார்கள். அமுண்ட்ஸென் வரவேற்றுப் பாராட்டினார். மே 11இல் நோர்கே கிளம்பியது; 12ஆம் தேதி துருவத்தின் மேலாகப் பறந்து 14ஆம் தேதி அலாஸ்காவில் இறங்கியது. ஆனால் அது இரண்டாவது என்று ஆகிவிட்டது. பேர்டுக்கு நியூயார்க் வீதிகளில் காகித மழை பொழிந்தது. நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கம் அவருடைய கணக்குகளைப் பரிசீலித்துச் சரி என்றது. பேர்ட், பென்னட் இருவருக்கும் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது.

சந்தேகம் வேகத்திலிருந்து தொடங்கியது. கிங்ஸ் பேயிலிருந்து துருவம் போய்த் திரும்ப ஏறக்குறைய 2,460 கிலோமீட்டர். பதினாறு மணியில் அதை முடிக்க மணிக்கு 155 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதே விமானத்தைப் பிற்பாடு பென்னட்டுடன் அமெரிக்கா முழுவதும் ஓட்டிய பால்ஷன் அது அவ்வளவு வேகம் போகாது என்று கண்டார். ஸ்வீடன் நாட்டு வானிலை அறிஞர் யெஸ்டா லில்யெக்விஸ்ட் 1960இல் அன்றைய காற்று நிலையை ஆராய்ந்து இந்த வேகத்துக்கு அது உதவியிருக்காது என்று எழுதினார். பென்னட் தம்மிடம் உண்மையைச் சொன்னதாகவும் பால்ஷன் பிற்காலத்தில் கூறினார். ஆனால் பென்னட் 1928 ஏப்ரலிலேயே நிமோனியாவில் இறந்துவிட்டார். செத்தவன் சொன்னதாக ஒருவன் சொல்வது எந்த வழக்கிலும் பலவீனமான சாட்சியம். விமானத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் போய்விட்டார், மற்றவர் 1957இல் இறக்கும் வரை தாம் சொன்னதையே சொன்னார்.

பிறகு அந்த நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. பேர்டின் காகிதங்கள் ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தன. 1996இல் அங்கே ஆவணக் காப்பாளர் ரைமுண்ட் கெர்லர் அந்தப் பெட்டிகளுக்குள் இந்தக் குறிப்பேட்டைக் கண்டெடுத்தார். 1925 கிரீன்லாந்துப் பயணம், 1926 துருவப் பயணம், 1927 அட்லாண்டிக் பயணம் எல்லாம் அதில் இருக்கின்றன. எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காததால் பேர்டும் பென்னட்டும் அதில் எழுதிக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வலது எஞ்சினில் எண்ணெய் கசிவதைப் பற்றிய பேச்சும் அதில் உண்டு. இவற்றோடு அழிக்கப்பட்ட அந்த எண்கள்.

அவற்றின் பொருள் இதுதான். துருவத்தில் நின்றால் சூரியன் நாள் முழுக்க ஏறத்தாழ ஒரே உயரத்தில் வட்டமிடும். மே 9இல் அந்த உயரம் சுமார் 17 பாகை. காலையில், பேர்ட் பறந்த பாதையில், சூரியன் அதைவிட எவ்வளவு உயர்ந்து தெரிகிறதோ அவ்வளவுக்குத் துருவம் இன்னும் தொலைவு. கிரீனிச் நேரம் 7 மணி 7 நிமிஷம் 10 வினாடிக்குக் குறிப்பேட்டில் எழுதி அழிக்கப்பட்ட அளவு 19 பாகை 25 கலை 30 விகலை. பிறகு தட்டச்சு செய்து கொடுத்த அறிக்கையில் அதே நேரத்துக்கு இருப்பது 18 பாகை 18 கலை 18 விகலை. வித்தியாசம் ஒரு பாகைக்கு மேல். தரையில் இது இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகம்.

டென்னிஸ் ராலின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைக்கொண்டு பேர்ட் துருவத்துக்கு 150 மைல் முன்பே திரும்பிவிட்டார் என்று தீர்த்துச் சொன்னார். மறு தரப்பும் சும்மா இருக்கவில்லை. அதிரும் விமானத்தில் குமிழ்ச் செக்ஸ்டன்டை வைத்து எடுத்த அளவு தப்பாகவே இருந்திருக்கலாம், தப்பென்று உணர்ந்தே அழித்திருக்கலாம் என்றார்கள். அதே பல்கலைக்கழகத்தின் வானியலாளர் ஜெரால்ட் நியூஸம், அன்று அடித்திருக்கக்கூடிய காற்றுகளைக் கணினியில் பலவாறு போட்டுப் பார்த்து, துருவத்துக்கு 80 மைல் முன்னாலிருந்து சுமார் 20 மைல் அப்பால் வரை எங்கே வேண்டுமானாலும் பேர்ட் திரும்பியிருக்கலாம் என்று 2013இல் எழுதினார்.

நான் பிழைப்புக்குச் செய்வது வங்கிக் குமாஸ்தா வேலை. எங்கள் தொழிலில் தப்பு குற்றமல்ல, அழிப்பதுதான் குற்றம். தப்பான எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்து, அடியில் இருப்பது தெரியும்படி விட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். பேரேடு போய்க் கணினி வந்த பிறகும் தத்துவம் அதுதான். தவறிப் போட்ட வரவை ஒன்றுமில்லாமல் ஆக்க முடியாது. எதிர்ப் பதிவு போட்டுத்தான் நேர் செய்ய வேண்டும். பின்னால் பார்க்க வருகிறவனுக்கு முன்னவனுடைய புத்தி போன வழி தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். அழித்தவன் திருடினான் என்று எந்தத் தணிக்கையாளரும் உடனே சொல்லிவிட மாட்டார். ஆனால் அந்தப் பக்கத்தில் அவருடைய பேனா நின்றுவிடும். கடற்படைப் பதிவேட்டுக்கும் இதே விதி உண்டு. பேர்டுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. அவர் கோடு இழுக்கவில்லை, ரப்பரை எடுத்தார். அவர் பொய் சொன்னார் என்று இதிலிருந்து நான் முடிவுகட்டவில்லை. தாம் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்று அவர் நினைத்த ஒரு கணம் அந்தத் தாளில் இருக்கிறது. இதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை. இதற்குக் குறைவாகவும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு பேர்ட் செய்த காரியங்களில் சாட்சிகளின் எண்ணிக்கை கவனிக்கத்தக்கது. 1929 நவம்பர் 28, 29 தேதிகளில் தென் துருவத்தின் மேல் பறந்தபோது விமானத்தில் நாலு பேர். ஓட்டியவர் அதே பால்ஷன். ரேடியோ, ஹெரால்ட் ஜூன். புகைப்படம், ஆஷ்லி மெக்கின்லி. வழிக் கணிப்பு, பேர்ட். லிவ் பனியாற்றின் மேலிருக்கும் கணவாயைத் தாண்ட விமானம் எழும்பாமல் திணறியது. எடையைக் குறைக்க எரிபொருளைக் கொட்டினால் திரும்ப முடியாது. உணவு மூட்டைகளைத் தள்ளினால், வழியில் இறங்க நேர்ந்தால் பட்டினி. உணவு மூட்டைகளைத் தள்ளினார்கள். விமானத்துக்கு ஃபிளாய்ட் பென்னட் என்று பெயர் வைத்திருந்தார் பேர்ட். பென்னட்டின் கல்லறையிலிருந்து எடுத்துவந்த ஒரு கல்லைக் கொடியில் கட்டித் துருவத்தில் போட்டார். 1926இல் உடன் இருந்த ஒரே சாட்சி, கல்லாக வந்து இறங்கினார் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. அவ்வளவு தூரம் போவது நாவலாசிரியர்களின் உரிமை. எனக்கு இது ஒரு சிநேகிதனுக்குச் செய்த மரியாதை. 1926ஐப் போன்ற வழக்கு இந்தப் பயணத்தின் மேல் எழவில்லை.

மூன்றாவது சந்தர்ப்பத்தில் சாட்சியே இல்லை. 1934 மார்ச் 28 முதல், லிட்டில் அமெரிக்கா என்ற தம் தலைமை முகாமுக்கு 123 மைல் தெற்கே, பனிக்குள் புதைத்த ஒரு அறையில் பேர்ட் தனியாக இருந்தார். மூன்று பேர் இருக்க வேண்டிய இடம். அத்தனை பேருக்குச் சாமான்கள் கொண்டுசேர்க்க நாள் போதவில்லை. வானிலைப் பதிவு எடுப்பது காரியம். தனிமையை அனுபவித்துப் பார்க்கும் ஆசையும் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஏப்ரலில் சூரியன் போய்விட்டது. அடுப்பிலிருந்தும் ரேடியோவுக்கு மின்சாரம் தந்த எஞ்சினிலிருந்தும் கார்பன் மோனாக்ஸைடு அறைக்குள் சேர்ந்துகொண்டிருந்தது. மே கடைசியில் ஒரு நாள் மயங்கி விழுந்தார். அடுப்பை மூட்டினால் விஷம், அணைத்தால் குளிர். இரண்டையும் பங்கிட்டுக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்.

இதை அவர் தம் ஆட்களிடம் சொல்லவில்லை. சொன்னால் இருட்டில், பனிப்பிளவுகளுக்கு நடுவே, தேடிக்கொண்டு வருவார்கள், வழியில் சாவார்கள். லிட்டில் அமெரிக்காவிலிருந்து குரல் அவருக்கு வரும்; அவர் பதில் மோர்ஸ் கட்டைதான். எனவே குரல் தழுதழுப்பது யாருக்கும் கேட்காது. நலமாக இருக்கிறேன் என்றே தட்டிக்கொண்டிருந்தார். ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. எழுத்துக்கள் குழம்பின, வாக்கியங்கள் நடுவில் நின்றன, இடைவெளிகள் நீண்டன. கேட்டவர்கள் செய்தியை விட்டுவிட்டுத் தட்டலைப் படித்தார்கள். டாக்டர் பூல்டர் என்ற விஞ்ஞானி எரிகற்களை இரண்டு இடத்திலிருந்து பார்க்க வேண்டும், அதற்காக வருகிறோம் என்று ஒரு காரணம் சொன்னார். இந்தப் பக்கமும் மறைத்தார்கள், அந்தப் பக்கமும் மறைத்தார்கள். இரண்டு முறை கிளம்பித் திரும்பினார்கள். மூன்றாம் முறை, ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில், பூல்டர், டீமாஸ், வெய்ட் மூவரும் டிராக்டரில் போய்ச் சேர்ந்தார்கள். பேர்ட் பயணத்துக்குத் தேறிவர அக்டோபர் 14 ஆயிற்று.

இதையெல்லாம் அவர் எழுதிய 'அலோன்' என்ற புத்தகம் 1938இல்தான் வந்தது. நாலு வருஷம் தயங்கியிருக்கிறார். உதவிக்கு சார்லஸ் மர்ஃபி என்ற பத்திரிகையாளர் இருந்தார். புத்தகம் நன்றாக விற்றது. ஆகவே சந்தேகவாதி இங்கேயும் கேட்கலாம்: 1926இல் எண்களைத் திருத்தியிருக்கக்கூடிய ஆள் 1934இல் தம் வேதனையைத் திருத்தியிருக்க மாட்டாரா? வீரத்தை விற்றவர் பலவீனத்தையும் விற்றிருக்கலாமே? கேட்க வேண்டிய கேள்விதான். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. வாக்குமூலத்தின் தொனியை நம்பிவிடுவது நம் வாசிப்பில் பழகிப்போன பலவீனம். தன்னைத் தாழ்த்திக்கொள்பவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைக்கிறோம். தாழ்த்திக்கொள்வதிலும் லாபம் உண்டு.

பதில் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. மூன்று பேர் போய்ப் பார்த்தார்கள். மனிதன் எலும்பும் தோலுமாக இருந்தார். இரண்டு மாதம் அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. இதற்கும் முந்தைய சாட்சி அந்த மோர்ஸ் தட்டல். நலம் என்று சொன்ன செய்தி பொய், அதைத் தட்டிய கை நிஜம். 1926க்கும் 1934க்கும் இதுதான் ஒற்றுமை என்று எனக்குப் படுகிறது. பேர்ட் மறைப்பதில் தேர்ந்தவர். அது அவர் சுபாவம். பழைய குடும்பம், கடற்படை, சந்தா கொடுத்த முதலாளிகள் எல்லாம் சேர்ந்து வளர்த்த சுபாவம். ஒரு முறை பெயருக்காக மறைத்திருக்கலாம். இன்னொரு முறை மற்றவர்கள் உயிருக்காக மறைத்தார். நோக்கங்களுக்கு நடுவே எவ்வளவு தூரமோ இருக்கிறது; முறை ஒன்றே. இரண்டு முறையும் அவர் சொல்ல வந்ததல்ல, அவருடைய கை விட்டுச்சென்ற தடம்தான் உண்மையைக் கொண்டு வந்தது. ஒன்று அரைகுறையாக அழிந்த பென்சில் கோடு. மற்றது தப்பும் தவறுமான தட்டல். அவருடைய ஆட்கள் அன்று ரேடியோவில் செய்தது திறனாய்வு. அதை அவர்கள் நல்லவிதமாகச் செய்ததால் ஒரு மனிதர் பிழைத்தார்.

கடைசி வரை பேர்ட் அந்தக் கண்டத்தை விடவில்லை. 1946-47இல் 13 கப்பல்கள், நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு போன கடற்படைப் பயணத்திலும், 1955-56இலும் மறுபடி தென் துருவத்தின் மேல் பறந்தார். 1957 மார்ச் 11இல் பாஸ்டனில் இறந்தார். வட துருவத்தில் ஐயத்துக்கு இடமில்லாத முதல் வருகை நோர்கேயில் இருந்த பதினாறு பேருடையது என்று இன்று பல சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அமுண்ட்ஸென் இதைக் கேட்க இருக்கவில்லை; 1928 ஜூனில், விபத்துக்குள்ளான நோபிலேயைத் தேடிப் போன விமானத்தோடு காணாமல் போய்விட்டார்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. பேர்ட் அந்தக் குறிப்பேட்டை அடுத்த வருஷமும் கூடவே வைத்திருந்தார். 1927 அட்லாண்டிக் பயணத்திலும் அதிலேயே எழுதினார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் உயிரோடு இருந்தார். தம் காகிதங்கள் ஒருநாள் பிறர் கைக்குப் போகும் என்று தெரிந்துகொள்ளாத அளவுக்குச் சாதாரண மனிதர் அல்ல அவர். ஒரு பக்கத்தைக் கிழித்திருந்தால் போதும், இந்த வழக்கே இல்லை. அவர் கிழிக்கவில்லை. மறதியாக இருக்கலாம், பெட்டிகளின் குவியலில் தப்பியிருக்கலாம். காரணத்தை நான் ஊகிக்க மாட்டேன். நோட்டு இருக்கிறது, பக்கம் இருக்கிறது, எண்களைப் படிக்க முடிகிறது.